சாய்வும் வெட்டுத்துண்டும் தப்பா வருதா? விடையை வச்சே பிழை எங்கன்னு பிடிக்கலாம்

நேர்கோட்டு சமன்பாட்டுல தப்பு பண்றதுக்கு ரொம்ப வழியெல்லாம் கிடையாது. யார் போட்டாலும் சுத்தி சுத்தி அதே நாலஞ்சு இடத்துலதான் வழுக்குறாங்க. இதுல ஒரு வசதி என்னன்னா, தப்பான விடையை பாத்தாலே எந்த ஸ்டெப்புல போச்சுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். அதனால விடை தப்புன்னு தெரிஞ்சதும் மொத்தத்தையும் அடிச்சுட்டு முதல்லேர்ந்து போடாதீங்க, அப்படி போட்டா அதே கை அதே தப்பை இன்னொரு தடவை அழகா பண்ணும்.

கீழ பாதிக்கு மேல ஒரே சமன்பாட்டைத்தான் எடுத்துக்கிறேன்: 3எக்ஸ் − 4ஒய் = 12. சரியான விடை இதுக்கு சாய்வு (எக்ஸ் 1 கூடினா ஒய் எவ்ளோ மாறுதுங்கிறது) 3/4, எக்ஸ் வெட்டுத்துண்டு (கோடு எக்ஸ் அச்சை வெட்டுற இடம்) 4, ஒய் வெட்டுத்துண்டு (ஒய் அச்சை வெட்டுற இடம்) −3. உங்க கணக்குல நம்பர் வேறயா இருக்கும், ஆனா தப்போட அடையாளம் இதேதான்.

முதல்ல, தப்புன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது

விடைப் பக்கம் இல்லாமலே செக் பண்ண ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு: சாய்வை எக்ஸ் வெட்டுத்துண்டால பெருக்கி அதோட ஒய் வெட்டுத்துண்டை கூட்டுங்க, 0 வரணும். நம்ம கணக்குல 3/4 × 4 + (−3) = 0, ஓகே. இது ஏதோ மாயம் இல்ல, ஒய் = எம் எக்ஸ் + சி-ல (எம் சாய்வு, சி ஒய் வெட்டுத்துண்டு) ஒய் 0 ஆகுற இடம்தான் எக்ஸ் வெட்டுத்துண்டு, அதைத்தான் திருப்பி எழுதியிருக்கோம். ஆனா ஒரு கண்டிஷன், எக்ஸ் வெட்டுத்துண்டை கேள்வில குடுத்த ஒரிஜினல் சமன்பாட்டுலேர்ந்து எடுத்திருக்கணும். நீங்க மாத்தி எழுதின ஒய் = ... வடிவத்துலேர்ந்து எடுத்தீங்கன்னா, அந்த வடிவமே தப்பா இருந்தாலும் செக் பாஸ் ஆயிடும், ஏன்னா மூணுமே ஒரே தப்பான கோட்டுக்கு சொந்தமான நம்பர்.

ரெண்டாவது: (0, ஒய் வெட்டுத்துண்டு)ங்கிற புள்ளியை ஒரிஜினல்ல போட்டு பாருங்க. (0, −3) போட்டா 3×0 − 4×(−3) = 12, சரி. ரெண்டையும் பண்ணுங்க, ஒண்ணு மட்டும் பத்தாது. முதல் செக்ல தப்பிச்சுப் போற தப்பு சிலது இருக்கு, வரும்போது சொல்றேன்.

நம்பர் சரி, குறி மட்டும் மாறியிருக்கு

அதிகமா வர கேஸ் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாம். குறி மாறினா "ஏதோ மைனஸ் விட்டுட்டேன்"னு சொல்லிட்டு போயிடுறாங்க, ஆனா எந்த மைனஸ்ங்கிறது முக்கியம். சாய்வையும் ஒய் வெட்டுத்துண்டையும் சேர்த்து பாருங்க.

சாய்வு −3/4, ஒய் வெட்டுத்துண்டு −3 வந்திருந்தா, 3எக்ஸை வலது பக்கம் கொண்டுபோகும்போது மைனஸ் போடல. அதாவது −4ஒய் = 3எக்ஸ் + 12ன்னு எழுதியிருக்கீங்க, −4ஒய் = −3எக்ஸ் + 12ன்னு இருக்கணும். வகுத்தது சரிதான், நகர்த்தினதுதான் தப்பு.

சாய்வு −3/4, ஒய் வெட்டுத்துண்டு +3, ரெண்டுமே குறி மாறியிருக்குன்னா நகர்த்தினது சரி, கடைசில −4ஆல வகுக்காம 4ஆல வகுத்திருக்கீங்க. இதுதான் முதல் செக்ல தப்பிக்கிற ஆளு: −3/4 × 4 + 3 = 0 வந்து உங்களை நிம்மதியா அனுப்பி வச்சிடும். ரெண்டாவது செக்ல (0, 3) போட்டா −12 வரும், மாட்டிக்கும்.

சாய்வு சரியா 3/4, ஆனா ஒய் வெட்டுத்துண்டு +3ன்னா, −4ஆல வகுக்கும்போது மைனஸ் முதல் உறுப்புக்கு மட்டும் போயிருக்கு, 12க்கு போகல.

இன்னொரு சின்ன விஷயம், இது மனசுலயே பண்ணலாம். ரெண்டு வெட்டுத்துண்டும் ஒரே குறியா இருந்தா சாய்வு கட்டாயம் மைனஸ், வேற வேற குறியா இருந்தா சாய்வு பிளஸ். இங்க 4, −3, வேற வேற குறி, அப்போ சாய்வு பிளஸ்ஸாத்தான் இருக்கணும். −3/4னு எழுதின உடனே கண்ணுல குத்தணும்.

சாய்வு தலைகீழா வருது

3/4 வரவேண்டிய இடத்துல 4/3. இதுலயும் ரெண்டு ரகம். ஒய் வெட்டுத்துண்டு −3ன்னு சரியா இருந்து சாய்வு மட்டும் தலைகீழ்னா ஃபார்முலாவை (சாய்வு = −எக்ஸோட கெழு / ஒய்யோட கெழு) மேல கீழ மாத்தி போட்டிருக்கீங்க. எக்ஸோட கெழு, அதாவது எக்ஸுக்கு முன்னாடி நிக்கிற நம்பர், கீழ இல்ல, மேல போகணும். ஆனா சாய்வு 4/3, ஒய் வெட்டுத்துண்டு 4ன்னு வந்திருந்தா கதை வேற, ஒய்யை தனிமைப்படுத்தாம எக்ஸை தனிமைப்படுத்தியிருக்கீங்க: எக்ஸ் = (4/3)ஒய் + 4. இந்த வரில கணக்கு ஒண்ணும் தப்பில்ல, ஆனா இதுலேர்ந்து படிக்கிற 4 எக்ஸ் வெட்டுத்துண்டு. எது இடது பக்கம் தனியா நிக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் படிங்க.

எக்செல்லயோ கூகுள் ஷீட்ஸ்லயோ ஸ்லோப் ஃபங்ஷன் போடுறவங்களுக்கும் இதே தலைகீழ் வரும். அங்க முதல்ல ஒய் மதிப்புகள், அப்புறம்தான் எக்ஸ் மதிப்புகள். நமக்கு எக்ஸ் முதல்ல எழுதியே பழக்கம், அதனால மாத்தி குடுத்துடுறோம், அதுவும் எர்ரர் எதுவும் காட்டாம ஒரு நம்பரை குடுத்துட்டு போயிடும். புள்ளிகள் எல்லாம் துல்லியமா ஒரே கோட்டுல இருந்தா (கிடைக்கோடோ செங்குத்துக்கோடோ இல்லாத பட்சத்துல) வர நம்பர் சாய்வோட தலைகீழ், இன்டர்செப்ட் ஃபங்ஷன்ல அதே மாதிரி மாத்தி குடுத்தா வர்றது எக்ஸ் வெட்டுத்துண்டு.

சாய்வு முழு எண்ணா வருது, பின்னமா வரவேண்டியது

சாய்வு 3ன்னா குடுத்த சமன்பாட்டுல எக்ஸுக்கு முன்னாடி இருந்த நம்பரை அப்படியே தூக்கி எழுதியிருக்கீங்க. சாய்வு −3, ஒய் வெட்டுத்துண்டு 12ன்னா பாதி தூரம் வந்து நிறுத்திட்டீங்க, −4ஒய் = −3எக்ஸ் + 12 வரைக்கும் சரி, ஆனா ஒய்க்கு முன்னாடி இன்னும் −4 உக்காந்திருக்கு. ஒய் தனியா, 1ஒய்யா நின்னா மட்டும்தான் வலது பக்கத்தை படிக்கலாம்.

சாய்வு 3/4 சரி, ஒய் வெட்டுத்துண்டு 12ன்னா எக்ஸ் உறுப்பை மட்டும் வகுத்துட்டு 12ஐ விட்டுட்டீங்க. இதோட தம்பிதான் ஒய் = (2எக்ஸ் − 7)/3 மாதிரி கணக்குல ஒய் வெட்டுத்துண்டு −7ன்னு எழுதுறது, 3 ரெண்டுக்கும் சேர்த்துதான், அதனால −7/3.

ஒய் = 4 − 3எக்ஸ்னு இருந்தா சாய்வு 4ன்னு எழுதுறவங்க நிறைய. முதல்ல நிக்கிற நம்பர் சாய்வு இல்ல, எக்ஸோட ஒட்டியிருக்கிற நம்பர்தான் சாய்வு, அதுவும் அதோட குறியோட: −3. அடுத்தது ஒய் − 3 = 2(எக்ஸ் + 1). சாய்வு 2ன்னு நேராவே படிக்கலாம், ஆனா ஒய் வெட்டுத்துண்டு 3ம் இல்ல 1ம் இல்ல, பிரிச்சு எழுதினா ஒய் = 2எக்ஸ் + 5, அப்போ 5.

ரெண்டு வெட்டுத்துண்டும் இடம் மாறிக்குது

"எக்ஸ் = 0 போட்டேன், அதனால இது எக்ஸ் வெட்டுத்துண்டு." காரணம் இவ்ளோதான். எக்ஸ் = 0 போட்டா கிடைக்கிறது ஒய், அது ஒய் அச்சு மேல இருக்கிற இடம். இதுக்கு மனப்பாடம் பண்ணாதீங்க, விடையை வெறும் நம்பரா எழுதாம புள்ளியா எழுதுங்க, (4, 0), (0, −3)ன்னு. புள்ளியா எழுதினா இடம் மாற வாய்ப்பே இல்ல, எந்த அச்சுன்னு அதுவே சொல்லும்.

விரலால மறைச்சு பாக்குற ஷார்ட்கட் தெரிஞ்சவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 3எக்ஸை மறைச்சா மிச்சம் −4ஒய் = 12, அதுலேர்ந்து −3. ஆனா விரல் கொஞ்சம் அகலமா போய் அந்த மைனஸையும் மறைச்சா 4ஒய் = 12 ஆகி +3 வந்துடும். மைனஸ் ஒய்யோட சொத்து, எக்ஸோடது இல்ல.

ஒரு புக்ல −ஏ/பி, இன்னொரு புக்ல −பி/ஏ. எது சரி?

ரெண்டும் சரி. இந்த குழப்பத்துல மாணவர் தப்பு பாதிதான், மீதி எழுத்துகளோட தப்பு, ஏன்னா அதே ஏ, பி, சியை நாலு வடிவத்துல நாலு வேலைக்கு வச்சிருக்காங்க. ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணி அது எந்த வடிவத்துக்குன்னு மறந்துட்டா இங்க கட்டாயம் விழுவீங்க.

ஏ எக்ஸ் + பி ஒய் + சி = 0ன்னு எல்லாம் ஒரே பக்கம் இருந்தா சாய்வு −ஏ/பி, எக்ஸ் வெட்டுத்துண்டு −சி/ஏ, ஒய் வெட்டுத்துண்டு −சி/பி. ஏ எக்ஸ் + பி ஒய் = சின்னு மாறிலி (எக்ஸோ ஒய்யோ ஒட்டாத நம்பர்) வலது பக்கம் இருந்தா சாய்வு அதேதான், ஆனா வெட்டுத்துண்டுகள் சி/ஏ, சி/பி, மைனஸ் போயிடும். எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1ன்னா ஏயும் பியுமே வெட்டுத்துண்டுகள், சாய்வு −பி/ஏ. இதுக்கு மேல ஒய் = எம் எக்ஸ் + பின்னு எழுதுறவங்க இருக்காங்க, அமெரிக்க வீடியோக்கள்ல பெரும்பாலும் அப்படித்தான் வரும், அங்க பி-ங்கிறது நம்ம ஒய் = எம் எக்ஸ் + சி-ல வர சி. வீடியோவை பாத்துட்டு புக்ல கணக்கு போட்டா பி எதுன்னு குழம்பாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இந்த ரகத் தப்போட அடையாளம்: சாய்வு சரி, ரெண்டு வெட்டுத்துண்டும் குறி மாறியிருக்கும், நம்ம கணக்குல −4, 3ன்னு. மாறிலி எந்த பக்கம்னு பாக்காம வேற வடிவத்தோட ஃபார்முலாவை போட்டிருக்கீங்க. இதுவும் முதல் செக்ல தப்பிக்கும், 3/4 × (−4) + 3 = 0. ரெண்டாவது செக்ல மாட்டும்.

வெட்டுத்துண்டு வடிவத்துக்குள்ளயே (எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1) ஒரு பொறி இருக்கு, வலது பக்கம் 1 இல்லாதது. எக்ஸ்/4 + ஒய்/6 = 2ன்னு குடுத்தா வெட்டுத்துண்டு 4, 6ன்னு எழுதிடுறாங்க. 2ஆல முழுசா வகுத்தா எக்ஸ்/8 + ஒய்/12 = 1, அப்போ 8, 12. இதுல மோசம் என்னன்னா சாய்வு ரெண்டு விதமாவும் −3/2ன்னு சரியாவே வரும், அதனால சந்தேகமே வராது. என் அபிப்பிராயம், பரிட்சைக்கு நேரம் ரொம்ப கம்மியா இருந்தா தவிர இந்த ஃபார்முலாக்கள் எதுவும் வேண்டாம், ஒய்யை தனியா எடுத்து சாய்வு படிங்க, 0 போட்டு வெட்டுத்துண்டு எடுங்க, ரெண்டு வரி கூட ஆகும் அவ்ளோதான்.

ரெண்டு புள்ளி குடுத்த கணக்கு

புள்ளிகள் (2, −1), (−4, 11). சரியான சாய்வு (11 − (−1)) / (−4 − 2) = 12/(−6) = −2. உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு பாருங்க.

+2 வந்தா மேல ஒரு வரிசைல கழிச்சு கீழ மாத்தி கழிச்சிருக்கீங்க. எந்த புள்ளியை முதல்ல எடுத்தாலும் பரவாயில்ல, ஆனா மேலயும் கீழயும் ஒரே புள்ளிலேர்ந்து ஆரம்பிக்கணும். −5/3 வந்தா மேல 11 − 1னு போட்டிருக்கீங்க, −1ஐ கழிச்சா கூட்டல். −6 வந்தா கீழ −4 − 2ங்கிறதை −2ன்னு எழுதிட்டீங்க, அது −6. −1/2ன்னா தலைகீழ். 8.75 மாதிரி சம்பந்தமே இல்லாத தசமம் வந்தா கால்குலேட்டர்ல அடைப்புக்குறி போடாம ஒரே மூச்சுல தட்டியிருக்கீங்க, அது நடுவுல இருக்கிற −1ஐயும் −4ஐயும் மட்டும் வகுத்துட்டு மிச்சத்தை கூட்டி கழிச்சிருக்கு. மேல இருக்கிறதுக்கு ஒரு அடைப்பு, கீழ இருக்கிறதுக்கு ஒரு அடைப்பு.

சாய்வு −2 சரியா வந்து சி மட்டும் தப்புன்னா: சி 3 வரணும். 0 வந்தா புள்ளியோட எக்ஸ், ஒய்யை மாத்தி போட்டிருக்கீங்க (−1ஐ எக்ஸா, 2ஐ ஒய்யா). −5 வந்தா −1 = −4 + சி-ல −4ஐ நகர்த்தும்போது குறி மாத்தல. செக் பண்ண அந்த இன்னொரு புள்ளி சும்மாதான் இருக்கு, அதை போடுங்க: −2 × (−4) + 3 = 11.

சாய்வு 0வா, இல்லவே இல்லையா?

ரெண்டு புள்ளி வச்சு போடுற சாய்வுப் பின்னத்துல மேல 0 வந்தா சாய்வு 0, படுத்திருக்கிற கோடு. கீழ 0 வந்தா சாய்வு வரையறுக்கப்படல, நிக்கிற கோடு. ரெண்டையும் "சாய்வு இல்ல"ன்னு ஒரே வார்த்தைல சொல்றதுதான் வம்பு, அந்த பேச்சையே விட்டுடுங்க. ஒய் = 5க்கு சாய்வு 0, ஒய் வெட்டுத்துண்டு 5, எக்ஸ் வெட்டுத்துண்டு கிடையாது. எக்ஸ் = −3க்கு சாய்வு வரையறுக்கப்படல, எக்ஸ் வெட்டுத்துண்டு −3, ஒய் வெட்டுத்துண்டு கிடையாது. கிடையாதுங்கிறதை 0ன்னு எழுதாதீங்க, 0ன்னா ஆதிப்புள்ளி (0, 0) வழியா போகுதுன்னு அர்த்தம் ஆயிடும்.

ரெண்டு வெட்டுத்துண்டும் 0 வருது, ஏதோ தப்பு

தப்பு இல்ல. 2எக்ஸ் + 5ஒய் = 0 மாதிரி மாறிலியே இல்லாத கோடு ஆதிப்புள்ளி வழியாத்தான் போகும். பிரச்சனை என்னன்னா வெட்டுத்துண்டு ரெண்டும் ஒரே புள்ளி ஆயிடுச்சு, ஒரு புள்ளியை வச்சு கோடு போட முடியாது, வெட்டுத்துண்டு வடிவத்துலயும் எழுத முடியாது. இன்னொரு புள்ளி எடுங்க, எக்ஸ் = 5 போட்டா ஒய் = −2. சாய்வு −2/5.

கணக்குல ஒரு சாய்வு, கிராஃப்ல வேற சாய்வு

கட்டத்தை எண்ணி சாய்வு எடுக்கிறவங்க பாக்க மறக்கிறது அளவுத்திட்டம். ஒய் = 10எக்ஸ் + 20ங்கிற கோட்டை, எக்ஸ் அச்சுல ஒரு கட்டம் 1, ஒய் அச்சுல ஒரு கட்டம் 5ன்னு வரைஞ்சா, வலது பக்கம் ஒரு கட்டம் போனா மேல ரெண்டு கட்டம்தான் ஏறும். எண்ணினா 2, ஆனா சாய்வு 10. உங்க ரெண்டு விடைக்கும் நடுவுல இருக்கிற விகிதம் ரெண்டு அச்சோட அளவுத்திட்ட விகிதமாவே இருந்தா (இங்க 5) வேற எங்கயும் தேட வேண்டாம். கட்டத்தை எண்ணாம அச்சுல எழுதியிருக்கிற மதிப்பை படிச்சு கழிங்க.

விகிதம் அப்படி இல்லாம லேசா மட்டும் தள்ளி வருதுன்னா புள்ளி எடுத்த விதம்தான் காரணம். கட்டக் கோடுகள் வெட்டிக்கிற மூலைல கோடு சரியா போற ரெண்டு இடத்தை எடுங்க, அதுவும் ஒண்ணுக்கொண்ணு நல்லா தள்ளி. பக்கத்து பக்கத்துல எடுத்தா படிக்கிறதுல வர சின்ன பிசகு கூட சாய்வுல பெருசா தெரியும்.

வெட்டுத்துண்டுக்கு வேற சிக்கல் இருக்கு. எல்லா கிராஃபும் 0லேர்ந்து ஆரம்பிக்காது, ஒய் அச்சு 50லேர்ந்து ஆரம்பிச்சிருக்கலாம், கீழ ஒரு வளைஞ்ச குறி போட்டிருப்பாங்க. அப்போ கோடு அடிக்கோட்டை தொடுற இடம் எக்ஸ் வெட்டுத்துண்டு இல்ல, அங்க ஒய் 50தான். அதே மாதிரி எக்ஸ் அச்சு 0ல ஆரம்பிக்கலன்னா இடது ஓரத்துல கோடு தொடுற இடம் ஒய் வெட்டுத்துண்டு இல்ல. இந்த மாதிரி படத்துல கண்ணால படிக்காதீங்க, ரெண்டு புள்ளி எடுத்து சமன்பாடு கண்டுபிடிச்சு அதுலேர்ந்து எடுங்க.

கோணம் கேட்டா விசித்திரமா வருது

சாய்வு 1க்கு கோணம் 45° வரணும். 0.785 வந்தா கால்குலேட்டர் ரேடியன்ல இருக்கு, டிகிரிக்கு மாத்துங்க. சாய்வு −1க்கு −45 வந்து விடைல 135°ன்னு இருந்தா நீங்க போட்டது வீண் இல்ல, சாய்வுக் கோணத்தை 0°லேர்ந்து 180°க்குள்ள சொல்றது வழக்கம், அதனால மைனஸ் வந்தா 180 கூட்டிக்கோங்க. அப்புறம் பாகைமானியை வச்சு கிராஃப்ல அளந்தா, ரெண்டு அச்சுலயும் ஒரே அளவுத்திட்டம் இருந்தாத்தான் அது செல்லும்.

கதைக் கணக்குல மட்டும் தப்பாகுது

ஒரு தொட்டிலேர்ந்து தண்ணி ஒரே வேகத்துல இறங்குது, 5ஆவது நிமிஷம் 200 லிட்டர், 12ஆவது நிமிஷம் 144 லிட்டர். சாய்வு (144 − 200)/(12 − 5) = −56/7 = −8. இங்க 8னு எழுதுறவங்க "நிமிஷத்துக்கு 8 லிட்டர் குறையுது"ன்னு மனசுல சரியாத்தான் புரிஞ்சிருக்காங்க, ஆனா குறையுதுங்கிற வார்த்தையை சமன்பாட்டுக்குள்ள கொண்டு வரல.

அதை விட அடிக்கடி நடக்கிறது ஒய் வெட்டுத்துண்டு 200ன்னு எழுதுறது. முதல்ல குடுத்த அளவுதான் ஆரம்ப அளவுன்னு நெனச்சுடுறோம், ஆனா அது 5ஆவது நிமிஷத்து அளவு, 0ஆவது நிமிஷத்துக்கு பின்னாடி போகணும்: 200 + 5 × 8 = 240. சமன்பாடு ஒய் = 240 − 8எக்ஸ், தொட்டி காலி ஆகுற நேரம்தான் எக்ஸ் வெட்டுத்துண்டு, 30 நிமிஷம். அலகு எழுதினா பாதி தப்பு தானா மாட்டும். சாய்வு லிட்டர்/நிமிஷம், ஒய் வெட்டுத்துண்டு லிட்டர், எக்ஸ் வெட்டுத்துண்டு நிமிஷம். உங்க ஒய் வெட்டுத்துண்டு நிமிஷத்துல வந்துச்சுன்னா இடம் மாறியிருக்கு.

மூணு புள்ளி, மூணு வேற சாய்வு

அட்டவணை குடுத்து சாய்வு கேட்டா ஒரு ஜோடிக்கு ஒண்ணு, இன்னொரு ஜோடிக்கு வேற ஒண்ணு வருதுன்னா முதல்ல கழித்தலை சரி பாருங்க, முக்கியமா எக்ஸ் மதிப்புகள் சம இடைவெளில இருக்கான்னு. 1, 2, 4, 7ன்னு போற அட்டவணைல ஒய் வித்தியாசத்தை மட்டும் பாத்து "மாறிக்கிட்டே இருக்கு, கோடு இல்ல"ன்னு முடிவு பண்ணிடுறாங்க, எக்ஸ் வித்தியாசத்தால வகுத்தா எல்லாம் ஒண்ணா வரலாம். வகுத்த பிறகும் வேற வேறயா இருந்து, கழித்தலும் சரியா இருந்தா, அது நேர்கோடே இல்ல. சமன்பாடா குடுத்திருந்தா எக்ஸ் ஸ்கொயர் இருக்கா, எக்ஸும் ஒய்யும் பெருக்கல்ல இருக்கா (எக்ஸ் ஒய் = 6 மாதிரி), எக்ஸ் கீழ பகுதில இருக்கான்னு பாருங்க. சுருக்கி எழுதின பிறகும் அப்படி நின்னா மொத்தத்துக்கும் ஒரே சாய்வுன்னு ஒண்ணு கிடையாது, "நேர்கோடு அல்ல"ங்கிறதுதான் அங்க விடை.